இரண்டாவது குடுவை

துறைமுகம், நகரத்து மொட்டைமாடி, மலையுச்சி என்று மூன்று இடத்துக் காற்றும் வாரந்தோறும் எஃகுக் குடுவைகளில் அடைபட்டு என் மேசைக்கு வரும். ஃப்ரிட்ஜிலும் ஏசியிலும் இருந்து கசிகிற வாயுக்கள் அதில் துளியூண்டு கலந்திருக்கும். அந்தத் துளியை அளப்பதுதான் என் பிழைப்பு. மூன்றிலும் சுத்தமானது மலைக்காற்று. அதில் போய் ஒரு குளிரூட்டி வாயு நகரத்தைவிட எகிறி நின்றால் கோபம் வருமா வராதா?

மலையில் காற்றுப் பிடிப்பவள் என் அக்கா. அக்கா என்பதற்காகச் சலுகையெல்லாம் கிடையாது. போனில் பிடிபிடியென்று பிடித்தேன்.

"காத்து வர்ற பக்கம் பார்த்து நின்னியா? மூச்சைப் பிடிச்சுக்கிட்டுதானே குடுவையைத் திறந்த?"

"எல்லாம் செஞ்சேன்டி. உன் மெஷினைப் போய்க் கேளு."

மெஷின் சரியாகத்தான் இருந்தது. மேலதிகாரி, "இன்னொரு தடவை இப்படி வந்தா மலை நிலையத்தை மூடிடலாம்மா" என்றார். மூடினால் அக்காவுக்கு வேலை போய்விடும். அடுத்த முறை நானும் கூடவே ஏறினேன்.

பாதி வழியிலேயே எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. உச்சிக்கு வந்ததும் அக்கா குடுவையை வைத்துவிட்டுப் பக்கத்துப் பாறைக்குப் பின்னால் ஒதுங்கினாள். நான் விடுவேனா? எட்டிப் பார்த்தேன். வாயில் இன்ஹேலர்.

"எத்தனை நாளா இது?"

"மூச்சிரைப்புன்னு தெரிஞ்சா வேற ஆளைப் போட்டுடுவாங்கடி. அம்மாகிட்டயும் சொல்லிடாதே."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மருந்தை வெளியே தள்ள அந்தக் குப்பிக்குள் அடைத்திருப்பதும் அதே வாயுதான். அடித்த கையோடு குடுவையைத் திறந்தால் மலை என்ன செய்யும், பாவம்.

"வீட்டுக்கே மறைச்சதை என் மெஷின் மோப்பம் பிடிச்சிருச்சு பாரு," என்றேன்.

மேலதிகாரியிடம் நானே விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். ஆளை மாற்றவில்லை; தள்ளிப் போய் மருந்து அடித்துவிட்டு, நன்றாக ஓய்வெடுத்தபின் குடுவையைத் திறந்தால் போதும் என்றார்.

அடுத்த வாரம் மலைக்காற்று பளிச்சென்று வந்தது. நிலையம் தப்பியது. எனக்கு மட்டும் பக்கென்றது. வாயு கொஞ்சம்கூட ஏறவில்லையே, பயந்துபோய் மருந்தே அடிக்காமல் இருந்துவிட்டாளா? போன் செய்தேன்.

"பெட்டியில இன்னொரு குடுவை இருக்கும் பாரு," என்றாள் அக்கா. "மருந்து அடிச்சதும் அதுல ஊதி வெச்சேன். அது ஆபீசுக்கு இல்ல, உனக்கு."

அதை மெஷினில் மாட்டிப் பார்த்தேன். திரையில் கோடு விர்ரென்று ஏறி உச்சியில் முட்டியது. இவ்வளவு அழுக்கான காற்றைப் பார்த்து நான் இத்தனை சந்தோஷப்பட்டதே இல்லை.