ஏலக்காய் ஸ்டோரில் காய்ந்த குழந்தைத் துணி

உடும்பஞ்சோலையிலிருந்து போடிநாயக்கனூர் வரை ஆண்கள் நின்ற இடத்தில் இடமும் வலமும் ஆடத் தொடங்கியதற்குக் காரணம் ஜெகன்தான். மகளின் ஈரத் துணிகளை அவன் ஏலக்காய் ட்ரையரில் காயப்போட்டான். வேறு காரணம் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. தேடவும் யாரும் மெனக்கெடவில்லை.

ஜெகன் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் ட்ரையர் பார்ப்பவன். பச்சைக் காயைத் தட்டுகளில் பரப்பி, அடியில் விறகு எரித்து, நிறம் போகாமல் உலர்த்தி எடுப்பதில் அவனுக்கு மலையில் நல்ல பேர். மனைவி சித்ரா அரசு பஸ்ஸில் கண்டக்டர். பிரசவ லீவு முடிந்து அவள் டூட்டிக்குத் திரும்ப வேண்டிய வாரம், பிள்ளை பார்க்க மூன்று மாசம் லீவு வேண்டும் என்று ஜெகன் முதலாளி முன் போய் நின்றான். "பிரசவம் ஒனக்கா, சித்ராவுக்கா?" என்று கேட்டுவிட்டு முதலாளி சிரித்தார். சிரித்து முடிக்கும்வரை ஜெகன் அசையாமல் நின்றதில், சம்பளமில்லாத லீவு கிடைத்துவிட்டது. ட்ரையர் தெரிந்தவனுக்குக் குழந்தை என்ன பெரிய வேலை, ஈரம் தங்காமல், சூடு ஏறாமல் பார்த்துக்கொண்டால் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டு வீடு வந்தான்.

ஈரத்திலேயே தோற்றுப் போனான். அது ஆனி மழை. மகள் யோகப்பிரியா நனைக்கிற வேகத்துக்கு எந்தக் கொடியும் ஈடுகொடுக்கவில்லை. அவனுடைய கல்யாண வேட்டியைக் கிழித்துத் தைத்த துணிகள் அடுக்களையில் தொங்கித் தொங்கிக் காளான் பூத்தன. ஸ்டோர் சாவி மட்டும் இன்னும் அவன் இடுப்பில்தான் இருந்தது. தன் இடத்துக்கு வந்திருந்த ஆளைச் சாப்பிடப் போகச் சொல்லிவிட்டு, அடித்தட்டில் துணியைப் பரப்பினான். மேல் தட்டுகளில் காய் இருந்தது. துணி அப்பளம் மாதிரிக் காய்ந்தது. அதிலிருந்து கிளம்பிய ஆவி எங்கே போய் இறங்கியது என்று அவன் யோசிக்கவில்லை. யோசிக்கிறவனாக இருந்தால் சித்ராவின் அப்பா அவனுக்குப் பெண் கொடுக்கும்போதே ஏன் என்று கேட்டிருப்பான்.

அந்தக் காய் ஏலத்துக்குப் போய், மலை இறங்கி, திரும்ப மலை ஏறி, டீக்கடைகளில் தட்டிப் போடப்பட்டது. அந்த டீயைக் குடித்துவிட்டு முதலில் வியாபாரி ஒருவர் விலை கேட்டபடியே ஆடினார். பிறகு லாரி டிரைவர்கள், தரகர்கள், போடிமெட்டு செக்போஸ்ட் போலீஸ்காரர்கள் என்று எல்லோரும் இல்லாத குழந்தையை இடுப்பில் வைத்தவர்கள் மாதிரி, தொழிலைப் பார்த்துக்கொண்டே ஆடினார்கள். பெண்களை டீ ஒன்றும் செய்யவில்லை. அவர்கள் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்ததால் வித்தியாசம் தெரியவில்லை என்றும் சொன்னார்கள். காய் பறிக்கப் போகிற பெண்கள்தான் முதலில் சுதாரித்தது. "சும்மா ஆடுறதுக்கு இதையும் பிடிங்கண்ணே" என்று பிள்ளைகளைக் கையில் கொடுத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனார்கள். கொடுத்த பிள்ளை கொடுத்த நிமிடம் உறங்கியது. இரண்டு மழைக்காலம் கழித்துப் புது பஸ் ஸ்டாப் கட்டியபோது, ஆண்கள் நிற்கிற பக்கத்தைக் கொஞ்சம் அகலமாகவே கட்டினார்கள்.

ஜெகன் மட்டும் ஆடவில்லை. ட்ரையர் பார்க்கிறவர்களுக்கு ஏலக்காய் வாசம் குமட்டும். அவன் குடிப்பதெல்லாம் பால் ஊற்றாத கட்டன்காப்பி. லீவு போட்டு வீட்டில் இருந்த தகப்பன் அந்த மலையில் அவன் ஒருவன்தான், யோகப்பிரியா உறங்காத கையும் அவனுடையது ஒன்றுதான். மின்சாரக் கட்டணம் வாங்க வந்தவரிடம் உறங்கினாள். மீன்காரரிடம் உறங்கினாள். அவனிடம் வந்தால் கண்ணை அகல விரித்து முறைத்தாள், மீசையைப் பிடித்து இழுத்தாள், அவன் வேறு வழியில்லாமல் எந்த விறகு நின்று எரியும், எது புகையும் என்று ட்ரையர் சங்கதியெல்லாம் சொல்வதற்கு 'ங்கா' போட்டாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பிளாஸ்க் ஏலக்காய் டீ குடித்துப் பார்த்தான். ஆட்டம் வந்தது, ஆனால் முன்னும் பின்னும். பிள்ளை பயந்து அழுதாள்.

எங்கிட்ட மட்டும் ஏன் என்று கேட்டால் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. மாமியார் மூக்கம்மாள், "போகப் போகச் சரியாயிரும் மாப்ள" என்றுவிட்டு அரிசி களையப் போனாள். டீக்கடைக்காரர் மழையைக் குறை சொன்னார். சித்ரா, "அப்புறம் சொல்றேங்க, டயமாச்சு" என்று ஓடினாள். மூன்றாம் மாசம் பிறக்கும் முன்னாலேயே முதலாளி ஆள்விட்டார். செக்போஸ்ட்டில் அத்தனை பேர் சும்மா ஆடிக்கொண்டு நிற்கிறார்கள், பிள்ளையை அங்கே கொடுத்துவிட்டு நாளைக்கே வேலைக்கு வா, இல்லையென்றால் வந்திருக்கிற ஆளே இருக்கட்டும் என்று.

ஜெகன் பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு போடிமெட்டுக்குப் போனான். மஞ்சு மூட்டத்துக்குள்ளிருந்து சித்ராவின் பஸ் வந்து நின்றது. அவள் படியில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே சொல்லி முடித்தான்.

"ஏட்டய்யாட்ட குடுத்துட்டுப் போயிரவா? அங்க நல்லா உறங்குவா. எங்கிட்டதான் முழிச்சே கெடக்கா. எனக்கு வரலன்னா வரலன்னு சொல்லிரு சித்ரா. அப்புறம் சொல்றேன்னு சொல்லாத."

சித்ரா பெல் கயிற்றிலிருந்து கையை எடுத்தாள். பஸ் முழுக்கக் காத்திருந்தது.

"ஒங்களுக்கு ஆட்ட வராது. இனிமேயும் வராது, அந்த ஆசைய விட்ருங்க. ஆனா எங்கம்மா, நானு, இந்த ஏட்டய்யா, யாரு தூக்குனாலும் ஒறங்கிர்றா. நான் டூட்டி முடிஞ்சு வந்து தூக்குனா மூஞ்சியக் கூடப் பாக்க மாட்டேங்கா. ஒறங்குறதுக்கு இவளுக்கு யாரும் போதும். முழிச்சிருக்க நீங்கதான் வேணும். வேலை போனா போகுது, லீவை முடிக்காதீங்க."

டபுள் பெல் அடித்தாள். ஏட்டு ஆடிக்கொண்டே தடுப்புக் கம்பை உயர்த்தினார். அந்த மலையில் ஆடாமல் நின்ற ஒரே ஆண்பிள்ளையை, யோகப்பிரியா கண் கொட்டாமல் முறைத்துக்கொண்டிருந்தாள்.