ஸ்டக்கி எறிந்த பந்து

ஞாயிறு மதியம் முதியோர் இல்லத்துக்கு வண்டி ஓட்டியது நான். வெர்ல் ஸ்டக்கி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அமெரிக்காவில் டொலீடோ நகரத்துக் கிடங்கு ஒன்றில் இருவருக்கும் ராத்திரி ஷிப்ட். நான் படிப்பைப் பாதியில் விட்டவன். என்னிடம் பேச அவனுக்கு அந்தத் தகுதியே போதுமாக இருந்தது. இப்போது பெட்டி தூக்கும் இந்த மனுஷன் ஒரு காலத்தில் பேஸ்பாலில் பந்தெறியும் பேர்போன பிட்சர். அத்தனை வருட ஆட்டத்தில் ஊருக்கு நினைவிருப்பது ஒரே பந்து: எதிரணி ஆட்டக்காரன் லியாண்ட்ரோ ப்ரூயிட்டின் கண்ணைப் பறித்த பந்து. அன்றிலிருந்து இவன் 'மண்டையுடைப்பான்'. சாப்பாட்டு நேரத்தில் பையன்கள் இவனைக் கண்டதும் தலையைப் பொத்திக்கொண்டு குனிவார்கள். இவனும் சிரித்து வைப்பான்.

நம் ஆளை அவர்கள் பந்தால் அடித்தால் அவர்கள் ஆளை நாம் அடிக்க வேண்டும். எங்கும் எழுதிவைக்காத சட்டம். சொல்வது அணியின் மேனேஜர், எறிவது பிட்சர், வெளியே வாய் திறக்கக் கூடாது. ஸ்டக்கி முப்பது வருடம் திறக்கவில்லை. போன மாதம் ப்ரூயிட் செத்தான். அடக்கத்துக்குப் போன ஸ்டக்கியை ப்ரூயிட்டின் தங்கை வாசலிலேயே மறித்தாள். சொன்னதைத்தான் செய்தேன் என்றிருக்கிறான் இவன்.

"யாரோ சொல்லித்தான் எறிஞ்சேன்னா, அந்த ஆளையே சொல்லச் சொல்லு."

அந்த ஆள், ஆட்டக்காரர்கள் 'ஸ்கிப்' என்று கூப்பிடும் பழைய மேனேஜர் ஹான்ராட்டி, சக்கர நாற்காலியில் உட்கார்ந்து டிவியில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்கிப், ஒரே ஒரு போன். நீங்க சொல்லித்தான் எறிஞ்சேன்னு அவகிட்ட சொன்னா போதும்."

"நான் எப்படா சொன்னேன்?"

"பெல்ட் கொக்கிய ரெண்டு தடவ தேய்ச்சீங்க. அதுதான அடிக்கச் சொல்ற சைகை. நான் விலாவுக்குத்தான் குறிவச்சேன். அவன் குனிஞ்சிட்டான்."

"அரிச்சிருக்கும்." கிழவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "இவனுக்கெல்லாம் சொல்லவே வேணாம் தம்பி. வெறிநாய். சங்கிலிதான் என் கையில இருந்துச்சு."

"அப்போ அவுத்துவிட்டது யாரு?" என்றேன்.

"யாருடா இவன்?"

"ஸ்கிப், ப்ரூயிட்டோட சவப்பெட்டியக்கூட என்னைப் பாக்க விடல."

கிழவர் திரும்பவில்லை. திரையில் எங்கள் ஊர் ஆட்டக்காரன் ஒருவன் முதுகில் பந்து வாங்கி மண்ணில் சுருண்டான். கூட்டம் கத்தியது. கிழவரின் வலது கை போர்வைக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. பைஜாமாவில் ஏது பெல்ட்? ஆனாலும் விரல்கள் தொப்புளுக்குக் கீழே ஒரு முறை தேய்த்தன. நின்றன. மறுபடி தேய்த்தன.

ஸ்டக்கியைப் பார்த்தேன். எழுந்து நின்றிருந்தான். கிழவரின் சாப்பாட்டுத் தட்டிலிருந்த ஆரஞ்சு அவன் கையில் இருந்தது. பிட்சரின் பிடி: இரண்டு விரல் மேலே, கட்டைவிரல் அடியில்.