இரண்டாவது குழி

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பாஞ்சாலை எழுந்துவிட்டாள். பிணத்தைத் தூக்குகிற வரைக்கும் பெண்டாட்டிக்காரி எழுந்திருக்கக் கூடாது. கைப்பிள்ளை கதறினாலும் வேறொருத்திதான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் பாதிப் பாட்டில் வாயை மூடிக்கொண்டார்கள்.

"அண்ணி, மொறத்தக் கீழ வையி. அதுல கைய வெக்காத."

வாசலில் நீல டிரம்முக்குள் குனிந்திருந்த செல்லி நிமிர்ந்து பார்த்தாள். செத்துப்போன வேடியப்பனுக்கு அக்கா அவள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"இன்னாமே சொல்ற? ஆம்பளைங்க குழிமேட்டுலேர்ந்து வந்தா கூழு ஊத்த வேணாமா?"

"வேணாம். அந்தச் சாமை வேணாம்."

சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. அந்த வீட்டுக் குதிரில் இருக்கிற தானியத்தையும் யாரும் தொடமாட்டார்கள். ஊரிலிருந்து வீட்டுக்கு ஒரு படி சாமை கொண்டுவந்து ஒன்றாகக் கொட்டி, வெளியில் அடுப்பு மூட்டிக் கூழ் காய்ச்சுவார்கள். இருக்கிறவன் இரண்டு படி, இல்லாதவன் அரைப் படி. அது ஆவணி மாதம். பழைய சாமை தீர்ந்து, புதுக்கதிர் இன்னும் பால் பிடிக்காத நேரம். கொட்டியதெல்லாம் வயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு கொடுத்ததுதான். பக்கத்து வீட்டு முத்தம்மா போட்ட அரைப் படி அவள் வீட்டின் கடைசி அரைப் படி என்பது எல்லோருக்கும் தெரியும். புருஷன் போய், மூன்று பிள்ளைகளோடு கிடப்பவள். வேண்டாமென்று சொன்னால் கேட்கிற ஆளும் இல்லை.

இவ்வளவையும் கொட்டுவதற்கு அந்த டிரம்மைவிடப் பெரிய ஏனம் ஊரில் கிடையாது. அதுவும் வேடியப்பன் ஆசை ஆசையாகக் கொண்டுவந்தது.

அவன் ராணிப்பேட்டையில் ஒரு மருந்துக் கம்பெனியில் மூட்டை தூக்கினான். மாத்திரை அங்கே செய்வதில்லை. மாத்திரைக்கு வேண்டிய சரக்கைத்தான் காய்ச்சுவார்கள். காலி டிரம்மை யாரோ சும்மா கொடுத்திருக்கிறார்கள். ஓசியில் கிடைத்தால் எனக்கொண்ணு, எங்கப்பனுக்கொண்ணு என்கிற கதைதான். பஸ் மேலே போட்டு, போளூரில் இறக்கி ஏற்றி, ஜமுனாமரத்தூரிலிருந்து கம்பு கட்டி இரண்டு பேர் தோளில் சுமந்து வந்தார்கள். "எலி கடிக்காது, கரையான் ஏறாது. நம்ம பேரனுங்க காலத்துக்கும் நிக்கும்" என்று பூரித்துப் போனான்.

வந்த மறுநாள் காலையில் உளி வைத்து மூடியை வெட்டி எடுத்தான். வெந்நீரை ஊற்றி, பாதி உடம்பு உள்ளே போகும்படி குனிந்து தேய்த்துக் கழுவினான். லேசாக வெங்காய வாசனை வந்தது. "கம்பெனில வெங்காயமா உரிக்கிறீங்க?" என்று பாஞ்சாலை கேட்டுச் சிரித்தாள். அவனும் சிரித்தான்.

பொழுது சாயும்வரை அவனுக்கு ஒன்றுமில்லை. பிறகு கண் எரிந்தது, இமை வீங்கியது, தொண்டை கம்மியது. முழங்கை வரைக்கும் கொப்புளம் எழும்பியது. அப்போதுதான் அவனுக்குப் பயம் வந்தது.

"இந்த டிரம்முல வந்த சரக்க டி.எம்.எஸ்.னு சொல்வாங்க. அதத் தொடறவங்க ரப்பர் கைய மாட்டிப்பாங்க, மூஞ்சிக்கு மூடி போட்டுப்பாங்க. கீழ சிந்துனா அமோனியா தண்ணி ஊத்திதான் கழுவுவாங்க. பட்ட ஒடனே ஒண்ணும் தெரியாதாம், பாஞ்சால. பொறவுதான் வேலையக் காட்டுமாம். காலி டிரம்முதானேன்னு..."

அதற்குமேல் குரல் எழும்பவில்லை. விடிந்ததும் டோலி கட்டினார்கள். தூக்கும்போது டிரம்மைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டி ஆட்டினான். ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியிலேயே மூச்சு நின்றுபோனது. 'போறப்பகூட அவன் டிரம்மத்தான் காட்டுனான்' என்று ஊரே உருகியது. அந்த உருக்கத்தில்தான் சாமையை அதில் கொட்டினார்கள். உள்ளே பிணத்தோடு கிடந்த பாஞ்சாலை இப்போதுதான் அதைப் பார்த்தாள்.

"அவரு கை காட்டுனது அத வேணாம்னு சொல்றதுக்கு," என்றாள். "அது உள்ள இருந்த சரக்குதான் அவரக் கொன்னுச்சு. அதுல கெடந்த சாமைய ஒரு வாயி தின்னக் கூடாது."

"காத்து கருப்பு அடிச்சுதுன்னு பூசாரி சொல்றாரு," என்றாள் ஒருத்தி. "கழுவுன டிரம்மு இன்னா பண்ணும்?" என்றாள் இன்னொருத்தி. கொடுக்க மனசு வராமல் சாக்கு சொல்கிறாள் என்றுகூட ஒரு குரல் வந்தது. கொடுத்தது அவர்கள், அவளுக்கென்ன நஷ்டம் என்று யாரும் யோசிக்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஊர் மூப்பர் தாண்டவராயன் பாடைக்குப் பக்கத்திலிருந்து வந்தார். வேடியப்பனுக்குச் சித்தப்பா முறை.

"ஊரு குடுத்த சாமைய வேணாங்கறது ஊர வேணாங்கற மாதிரி. தெரியுமா உனக்கு?"

"தெரியும் மாமா."

"கீழ கொட்டப் போறியா?"

"கொட்டுனா கோழி தின்னும், ஆடு தின்னும். பொறவு நாமதான் அதத் தின்னணும். டிரம்மோட பொதைக்கணும். ஓடைக்கு மேல வேணாம், தண்ணில எறங்கிடும். அந்தப் பாறை மேட்டுல."

கூட்டம் அதிர்ந்துபோனது. ஒரு நாளில் ஊரில் ஒரு குழிதான். இரண்டாவது குழி தோண்டினால் அது இன்னொரு ஆளைக் கேட்கும் என்பது தலைமுறை தலைமுறையாக வருகிற பேச்சு. அதைச் சொல்லவும் பயந்து செல்லி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ரெண்டாவது குழி ஆளு கேக்கும்மே," என்றார் மூப்பர் தணிந்த குரலில்.

"இந்தக் கூழ ஊத்துனா எத்தினி குழி தோண்டுவீங்க மாமா?"

மூப்பர் பிணத்தின் கைகளைப் பார்த்தார். மஞ்சள் பூசியும் கொப்புளங்கள் மறையவில்லை. திரும்பி நின்று, "எடுங்கடா" என்றார். குழி வெட்டிய கடப்பாரையை மட்டும் யாரிடமும் கொடுக்காமல் சுவரில் சாய்த்துவைத்துவிட்டுப் பாடைக்கு முன்னால் நடந்தார்.

பறைச் சத்தம் சரிவில் இறங்கியது. பாஞ்சாலைக்கு ஓடிப்போய் அந்தப் பாடையைப் பிடித்துக்கொண்டு கத்த வேண்டும் போலிருந்தது. அவனோடு வாழ்ந்ததற்கு அந்தக் கத்தலாவது மிச்சமாக இருந்திருக்கும். போனால் டிரம்மைக் காக்க ஆளிருக்காது. அவள் அங்கேயே நின்றாள்.

அவள் கண்ணைத் துடைத்த அந்த நேரத்தில் முத்தம்மா வந்து டிரம்முக்குள் படியை விட்டாள். அரைப் படி அளந்து முந்தானையில் கொட்டி முடிந்துகொண்டாள்.

"முத்தம்மா, வேணாம். உன் கால்ல வுழறன்."

"என்னுத நான் எடுத்துக்கறன். உங்கூட்டுச் சாவுக்குக் குடுத்தன், மண்ணுக்குக் குடுக்கல," என்றாள் முத்தம்மா. "காலைலேர்ந்து எம் புள்ளைங்க கூழு கூழுன்னு ஒக்காந்திருக்குதுங்க." யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பாஞ்சாலையின் அண்ணன் ரங்கன் குழிமேட்டுக்குப் போகாமல் நின்றுவிட்டான். அவள் சொன்னபடி கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, வெட்டிய மூடியை டிரம்மின் மேல் வைத்துக் கட்டினான். காற்று வருகிற பக்கமாக நின்றுகொள்ளச் சொல்லிவிட்டு அவள் கடப்பாரையை எடுத்தாள். பாறை மேட்டில் முழங்கால் ஆழத்துக்குமேல் இறங்குவதே பெரும்பாடு. உள்ளங்கை கிழிந்தது. கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து மண்ணை வாரிப் போடுகிற சத்தம் கேட்டது. செல்லி கூடையோடு நின்றிருந்தாள். மூவருமாக இடுப்பு ஆழத்துக்குத் தோண்டி, டிரம்மைக் கம்பு கட்டித் தூக்கிவந்து இறக்கினார்கள்.

ஆண்கள் குளித்துவிட்டு ஈரத்துணியோடு திரும்பியபோது டிரம் குழிக்குள் இருந்தது. கூழ் இல்லை. சிலர் முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். பலர் போகவில்லை.

"மூடும்மா. மழ வரும்போல இருக்குது," என்றார் மூப்பர்.

"அரைப் படி கொறையுது மாமா. வந்தாதான் மூடுவன்."

அவள் எழுந்து முத்தம்மா வீட்டு வாசலில் போய் நின்றாள். கூரையில் புகை இல்லை. கதவைத் தட்டவில்லை.

"முத்தம்மா, நான் பாஞ்சால. உங்கிட்ட சண்டைக்கு வரல. அவருக்குத் தொண்ட அடைச்சத நான் பாத்தன். பக்கத்துல இருந்து பாத்தன். தண்ணி கேட்டாரு, குடுத்தன், எறங்கல. உம் புள்ளைங்கள அப்பிடிப் பாக்காத. அவ்ளோதான் சொல்ல வந்தன்."

உள்ளே ஒரு குழந்தை எதையோ கேட்டு அடி வாங்கியது. பாஞ்சாலை வெளியிலேயே உட்கார்ந்தாள். அவளுக்கும் பசித்தது. புருஷனைப் புதைத்த நாளில் பசிக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

தூறல் விழத் தொடங்கியபோது கதவு திறந்தது. முத்தம்மா முன்னால் நடந்தாள். குழி ஓரத்தில் நின்று முந்தானை முடிச்சைப் பல்லால் இழுத்து அவிழ்க்கப் போனாள். பாஞ்சாலை அவள் கையைப் பிடித்துத் தடுத்து, துணி சுற்றிய தன் விரலால் முடிச்சை அவிழ்த்துவிட்டாள். சாமை டிரம்மின் மேல் கொட்டியது. முத்தம்மா உதறி உதறிப் பார்த்தாள்.

"அடுப்புல வெக்கல. தண்ணி வெச்சிட்டு ஒக்காந்திருந்தன்," என்றாள்.

"சீலையும் குடு."

"இன்னா?"

"அதுல ஒட்டியிருக்கும். சீலையும் போடணும்."

"எனக்கு ரெண்டு சீலைதாம்மே இருக்குது. இன்னொண்ணு கிழிசலு."

பாஞ்சாலை வீட்டுக்குள் போனாள். ரங்கன் காலையில் அவளுக்குப் போட்ட கோடிச் சீலை மடிப்புக் கலையாமல் இருந்தது. எடுத்து வந்து முத்தம்மாவின் தோளில் போட்டாள். செல்லி தன் கூடையை வைத்துவிட்டு வந்து, முத்தம்மா சீலை மாற்ற மறைப்பாக நின்றுகொண்டாள்.

பழைய சீலை குழிக்குள் விழுந்தது. மூப்பர் குனிந்து, பிணத்துக்குப் போடுவது போலவே மூன்று பிடி மண் எடுத்துப் போட்டார். மற்றவர்களும் வரிசையில் வந்தார்கள்.

"கைய சோப்பு போட்டுக் கழுவு. படியையும் இங்க கொண்டாந்துடு," என்றாள் பாஞ்சாலை.

முத்தம்மா தலையாட்டினாள். கஞ்சி மொடமொடப்பு போகாத கோடியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, படியை எடுத்துவர மழையில் வீட்டுக்கு ஓடினாள்.