இரண்டாவது கிளையன்ட்

எழுதியிருப்பதைப் படிக்கக்கூட மாட்டானா இந்த ஆள்? 'ஏற்கெனவே ஒரு கிளையன்ட் இருக்கிறது, அதையே பயன்படுத்தவும்' என்று திரையில் சிவப்பாகத் தமிழிலேயே வருகிறது. இதற்குமேல் வெற்றிலை பாக்கு வைத்தா சொல்ல வேண்டும்?

சாமுண்டீஸ்வரி முகத்தில் எதையும் காட்டவில்லை. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், உரக்கடை மாடியில் இருந்த அந்த அலுவலகத்தில், டீம் லீடர் நெடுமாறனை மனசுக்குள் திட்டுவது அவளுக்கு டீ குடிப்பது மாதிரி ஆகிவிட்டிருந்தது. திட்டி முடித்ததும் அவன் சொன்னதைச் செய்துவிடுவாள். அதுதான் உறுத்தல்.

தனியார் பஸ்களின் டிக்கெட் மெஷின்களுக்கான பைத்தான் லைப்ரரி, அதாவது மற்றவர்கள் தங்கள் புரோகிராமில் சேர்த்துக்கொள்ளும் பொது நிரல், அவள் பொறுப்பு. மெஷின் சர்வரோடு பேச கிளையன்ட் என்ற இணைப்பு ஒன்று போதும். ஒருமுறை திறந்துவிட்டு எல்லா வேலைக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம். நெடுமாறனோ டிக்கெட்டுக்கு ஒன்று புதிதாகத் திறப்பான், மூடமாட்டான். போன அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயில் கூட்டத்தில் சர்வர் திணறி நின்றுவிட்டது. காசை வாங்கிவிட்டு டிக்கெட் தர முடியாத கண்டக்டர் தனகோட்டியைப் பயணிகள் சட்டை கிழிய அடித்தார்கள். "கண்டக்டர்னா அடி வாங்கறதுதான்," என்றான் நெடுமாறன். மெஷின்களில் அவன் புரோகிராமை எடுத்துவிட்டுப் பழைய வெர்ஷனையே திரும்பப் போட்டார்கள். அதன் பிறகுதான், இரண்டாவது கிளையன்ட் திறந்தாலே பிழை காட்டி நிற்கும்படி லைப்ரரியில் ஒரு செக் வைத்தாள்.

"இன்னா சாமுண்டி, உன் லைப்ரரி என் புரோகிராம ஓடவே வுடமாட்டேங்குது?"

"ஒவ்வொரு எடத்துலயும் புதுசு புதுசா தொறக்கறீங்க சார்."

"தொறந்தா இன்னா? பொண்ணு பாக்கப் போறவன் ஒரே வூட்டோட நின்னுடுவானா?"

பக்கத்து நாற்காலி அமலா தலையைத் தூக்காமலே, "அதான் சார் உங்களுக்கு இன்னும் ஒண்ணும் அமையல," என்றாள்.

நெடுமாறன் சிரிப்பை நிறுத்தினான். "நாளைக்கு அமாவாசை. இன்னிக்கே புது வெர்ஷன் மெஷினுக்குப் போவணும், மொதலாளிகிட்ட சொல்லிட்டேன். அந்தச் செக்க எடுத்துடு."

"பழைய வெர்ஷனே நாளைக்கு ஓடட்டுமே சார்."

"யோசனையெல்லாம் கேக்கல. எடுக்கலன்னா மொதலாளிகிட்ட உன் பேரச் சொல்லுவேன். வேல வேணுமா, வாணாமா?"

அவள் அவனைப் பார்த்தாள். இத்தனை நாள் இவனை எவ்வளவு மட்டமாக நினைத்திருக்கிறாள்! அப்படி நினைத்ததே ஏதோ எதிர்த்து நின்ற மாதிரி ஒரு திருப்தி தந்துகொண்டிருந்தது. எவ்வளவு மலிவான திருப்தி! நாளை எந்தக் கண்டக்டர் சட்டைக்கும் அது உதவாது. இவன்மேல் இருக்கும் வெறுப்பில் பாதி தனக்குச் சேர வேண்டியது என்று தோன்றியது.

கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எடுக்க மாட்டேன் சார்."

குரல் உயரவில்லை. அவனுக்குக் கேட்கவில்லையோ என்று இன்னொரு முறையும் சொன்னாள்.