ஐந்து குப்பியும் சைபுதீனின் வயிற்றெரிச்சலும்

ராமபத்ரன் வேலைக்கு வந்த நாள் முதல் சைபுதீனுக்குச் சாயாகூட இறங்கவில்லை. மட்டாஞ்சேரி ஆய்வுக்கூடத்துக்காக ஏழு வருஷமாக இடக்கொச்சிக் காயலில் இடுப்பளவு இறங்கி, தேங்காய் மட்டை ஊறும் குழியில் சேறு அள்ளி வருகிறவர் இவர். பாலக்காட்டிலிருந்து பட்டத்தோடு வந்து அந்தச் சேற்றை உட்கார்ந்த இடத்தில் ஆராய்கிறவன் அவன். வயதில் இளையவனை இவர் 'சார்' என்று கூப்பிட வேண்டும். அறுபத்திரண்டாம் வருஷ அறிக்கையில் தன் பெயர் ஒரு மூலையிலாவது வரவேண்டும் என்று சைபுதீனுக்கு ஆசை. இனி அது நடந்த மாதிரிதான்.

மட்டையை அழுகவைத்து நாராக்குவது எந்தக் கிருமி? இதுதான் ஆராய்ச்சி. ராமபத்ரன் சேற்றிலிருந்து ஐந்து கிருமிகளைப் பிரித்து, ஐந்து குப்பிகளில் தனித்தனியே வளர்த்து, ஒவ்வொன்றிலும் ஒரு மட்டைத் துண்டைப் போட்டுவைத்தான். மாதம் ஒன்றாகியும் ஒரு துண்டும் இளகவில்லை. அப்படியும் ஆய்வுக்கூடத் தலைவரான பெரிய சார் அவன் முதுகைத் தட்டி, "பொறுமைசாலி!" என்றார். சிப்பி கிழித்த தன் காலை யார் பார்த்தார்கள்? சைபுதீனுக்குப் பற்றி எரிந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குக் கிளம்புமுன் காரியத்தை முடித்தார். ஐந்து குப்பியையும் ஒரே சாடியில் கொட்டிக் கலக்கி, திரும்ப ஐந்திலும் ஊற்றினார். பழக்கதோஷம், கெடுக்கப்போன இடத்திலும் வேறு கிருமி ஒட்டாமல் கொதிநீரில் போட்டெடுத்த சாடியைத்தான் கை எடுத்தது.

கெடுவான் கேடு நினைப்பான் என்பார்கள். இங்கே பழம் நழுவிப் பாலில் விழுந்தது, பால்தான் ராமபத்ரனுடையது. பத்தாம் நாள் ஐந்து குப்பியிலும் மட்டை நார் நாராகப் பிரிந்து கிடந்தது. தனித்தனியே ஒன்றும் கிழிக்காத கிருமிகள், கூட்டு சேர்ந்ததும் வேலையை முடித்துவிட்டன.

"ஒண்ணாக் கலக்கணும்னு எப்படிய்யா தோணிச்சு?" என்று பெரிய சார் பூரித்துப் போனார்.

"நான் இல்லை சார். சைபு இக்கா செஞ்சதாக்கும்" என்றான் ராமபத்ரன். "அன்னிக்கே ஈரச் சாடியைப் பார்த்தேன். காயல்லே எதுவும் தனியா இருக்காதுன்னு சேறு அள்றவருக்குத்தானே தெரியும்? அவர் பேரையும் போடணும்."

வாசலில் நின்ற சைபுதீன் கையிலிருந்த சேற்று வாளியைக் கீழே வைத்தார்.

அறிக்கை அச்சாகி வந்தது. மனைவி சுல்ஃபத் அவர் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். "இனி என்ன குறை உங்களுக்கு? சாயாவைக் குடிங்க."

சைபுதீன் தம்ளரைத் தள்ளிவைத்தார்.

"என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம்ல சுல்ஃபத்து? அந்தப் பெரிய மனசும் அவனுக்கே வாய்ச்சிருக்கே!"