கைக்கு லீவு

தொட்டியில் கிடந்த தட்டை எடுக்கப் போன என் கையில் மாஸ்டர் கரண்டிக் காம்பால் லேசாக ஒன்று வைத்தார்.

"தண்ணி பக்கம் போகாதேன்னு எத்தனை தடவைடா சொல்றது? மாப்பிள்ளையா லட்சணமா போய் உக்காரு."

அது என் கைக்கு லீவு விட்ட நான்காவது நாள். இன்னும் எட்டு நாளில் எனக்குக் கைரேகைத் தேதி. ஐந்து வருஷமாக இந்த ஓட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறேன். எண்ணெய்ப் பிசுக்குக்குப் போடும் தூள், பிசுக்கோடு என் விரல் கோடுகளையும் கழுவிவிட்டது. போன மாதம்வரை அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. இப்போது எங்கள் நாடும் இந்த நாடும் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. ஊரிலிருந்து கிளம்பும்போது அங்கே கொடுத்த ரேகை இனி இங்கேயும் தெரியும். இங்கே வைக்கும் பத்து விரலும் அதோடு பொருந்தினால் அன்றைக்கே வேலை அனுமதியைப் புதுப்பித்துவிடுவார்கள். ஒன்று பொருந்தாவிட்டாலும் அங்கே எழுதிக் கேட்பார்கள். பதில் வர மூன்று மாதம் ஆகலாமாம். அதுவரை வேலை செய்யக் கூடாது. ஓட்டல் அத்தனை நாள் எனக்காகக் காத்திருக்காது. வேலை போனால் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

"நல்ல ஒப்பந்தம்தான்டா" என்றாள் அக்கா, ஊரிலிருந்து, ஸ்பீக்கரில் போட்ட போனில். "இனிமே எந்த ஏஜெண்டும் ஆளை மாத்தி அனுப்ப முடியாதாம். ரெண்டு மந்திரியும் சிரிச்சுக்கிட்டே கை குலுக்குற போட்டோ வந்திருக்கு."

"அவங்க கைக்கு என்ன குறை, கோடெல்லாம் பளிச்சுன்னு இருக்கும்" என்றான் பக்கத்திலிருந்த வெங்காயம். காய் நறுக்குகிறவன்; எங்களுக்கு அவன் வெங்காயம்தான்.

அக்கா சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை.

"அம்மாகிட்ட சொல்லிடாதேக்கா."

"சொல்லல. நீ எதையாவது நெனச்சுக்கிட்டு சாப்பிடாம இருக்காத."

காய் நறுக்கி முடித்ததும் என் தட்டுகளையெல்லாம் வெங்காயம்தான் கழுவினான். நான் கவிழ்த்துப் போட்ட கூடைமேல் உட்கார்ந்து கைத்துணி மடித்தேன். வேறொரு ஓட்டலில் ஒருவனுக்கு எண்ணெய் தடவித் தடவிக் கோடு திரும்பி வந்ததாம். நானும் காலையும் மாலையும் தடவினேன். அடிக்கடி விரலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொள்வேன். ஒன்பதாம் நாள் வெங்காயத்தின் விரல்நுனிகள் வெடித்திருந்ததைப் பார்த்தேன்.

"கையுறை போட்டுக்கயேன்டா."

"போட்டா வழுக்குது. தட்டு உடைஞ்சா மாஸ்டர் என் மண்டையையும் சேர்த்து உடைப்பாரு."

"உனக்கும் தேதி வரும்ல?"

"வரட்டும். அப்ப நான் உக்காருறேன், நீ கழுவு. அதுக்கு நீ இங்க இருக்கணும். மொதல்ல அதைப் பாரு."

அதற்குப் பிறகு அவன் கையைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கைரேகைத் தேதியன்று காலையிலும் தாராளமாக எண்ணெய் தடவிக்கொண்டுதான் அந்த அலுவலகத்துக்குப் போனேன். அதுதான் தப்பாகப் போயிற்று. கண்ணாடித் தட்டில் வைத்த விரல் வழுக்கியது. திரையில் வெறும் கறை. கவுண்டரில் இருந்த பெண் அதிகாரி என் விரலைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, தன் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துக் காட்டி, கழிப்பறைப் பக்கம் கை நீட்டினார். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வர வேண்டுமாம். பன்னிரண்டு நாள் என்னைத் தண்ணீரில் கை நனைக்கவிடாத மாஸ்டர் இதைக் கேட்டால் என்ன சொல்வாரோ என்று நினைத்துக்கொண்டே கழுவினேன். துடைத்தேன். மறுபடி துடைத்தேன்.

ஒன்பது விரலும் பொருந்தின. வலது கட்டைவிரல் மட்டும் மறுத்தது; திரையில் சிவப்பு. நார் வைத்துத் தேய்க்கும்போது அழுத்துகிற விரல் அதுதான். அவர் இரண்டு விரலைக் காட்டினார்: இன்னும் இரண்டு முறை. அடுத்ததும் சிவப்பு.

அவர் எழுந்து நின்றார். தன் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்து, என் கட்டைவிரலைப் பிடித்து வைத்து, நகத்தின்மேல் தன் விரலை ஊன்றினார். திரையில் இடப்பக்கம் ஐந்து வருஷத்துக்கு முந்தைய என் விரல், வாரிவிட்ட தலைமுடி மாதிரி. வலப்பக்கம் இப்போதைய விரல், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கோடு. கோடு ஒத்துப்போன இடத்தில், அங்கிருந்து இங்கே மெல்லிய பச்சை நூல் ஒன்று நீண்டு வந்து ஒட்டியது. இன்னொன்று. மூன்று, நான்கு. ஐந்தாவது பாதி வழி வந்து நின்றது.

அவர் என் நகத்தின்மேல் ஊன்றிய விரலை எடுக்கவில்லை.