ஹாதிமின் பானைகள்

கஸலா நகரில் வெள்ளம் வடிந்த கையோடு காய்ச்சல் வந்தது. வீட்டுக்கு ஒருவர் எலும்பெல்லாம் வலித்துச் சுருண்டு கிடந்தார்கள். சித்தானா வாசலில் மட்டும் எப்போதும்போலத் தண்ணீர் குடிக்க ஆள் நின்றது. வேப்பமரத்தடியில் இரண்டு மண்பானைகள். போன வருஷம் காஷ் ஆறு அடித்துக்கொண்டு போன அவள் மகன் ஹாதிம் பேரில் வைத்தது. வழிப்போக்கன் ஒரு மடக்குக் குடித்தாலும் நன்மை அவனுக்குப் போகும். அதனால் அவள் பானையைக் காலியாக விட்டதே இல்லை. பாதி குறைந்தாலே மேலே ஊற்றிவிடுவாள். கழுவுவதா? கவிழ்த்தால் அந்த நேரம் பிள்ளை தாகத்தில் தவிப்பானே!

சுகாதாரக் குழுவிலிருந்து வந்த மனாஹில் பானைக்குள் டார்ச் அடித்தாள்.

"பெரியம்மா, பாருங்க. பூரா கொசுப்புழு."

"துணியில வடிகட்டிக் குடிச்சா போச்சு."

"குடிச்சா ஒண்ணும் ஆகாது. இது கொசுவாகிக் கடிச்சாத்தான் வினை. கவுத்து, உள்பக்கம் தேய்க்கணும்."

"கைய வச்சுப் பாரு, ஒடிச்சிடுறேன்."

காய்ச்சலோடு திண்டாடிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அவதிய்யாவுக்கு அப்போதும் வாய் சும்மா இல்லை. "வயசுப் பொண்ணு, பானைக்குள்ள மாப்பிள்ளை தேடுறா!"

தெருவே சிரித்தது. நாளைக்கு ஆட்களோடு வருவதாகச் சொல்லிவிட்டு மனாஹில் போனாள்.

அவள் தலை மறைந்ததும் சித்தானா இரண்டு பானைகளையும் மகள் ரிஹாபின் அறைக்குள் இழுத்து வைத்துப் போர்வையால் மூடினாள்.

"யும்மா, என் தலைமாட்டிலயா? செத்தவனுக்குத் தண்ணி, எனக்குக் கொசுவா?"

"நீ கேட்டா நான் குடுப்பேன். அவன் யார்கிட்டடி கேப்பான்?"

மூன்று வாரம் குழு தெருவை விடவில்லை. பானைகளும் அறையை விடவில்லை. காய்ச்சல் விடும்வரை அவதிய்யா தினமும் வந்து அந்த அறையிலேயே உட்கார்ந்து முனகினாள். சித்தானா செம்பில் மொண்டு வந்து வாசலில் வழிப்போக்கர்களுக்கு நீட்டினாள்.

அப்புறம் ரிஹாப் காய்ச்சலில் விழுந்தாள். "கண்ணுக்குப் பின்னாடி குத்துது யும்மா." ஈறில் ரத்தம் கசிந்தது. ஐந்தாம் நாள் காலையில் உடம்பு சில்லென்று ஆனது. "காய்ச்சல் விட்டுடுச்சு, விட்டுடுச்சு!" என்று சித்தானா தெருவுக்கே கேட்கும்படி குலவையிட்டாள். மத்தியானத்துக்குள் மகள் போய்ச் சேர்ந்தாள்.

துக்கத்துக்கு வந்த மனாஹில் அறைக்குள் நுழைந்து போர்வையை விலக்கினாள். கொசுக்கள் முகத்தில் வந்து மோதின.

"பெரியம்மா, இப்பவாவது..."

"எழவு வீட்டுல வந்து சோதனையா? போடி வெளியே!" என்று சித்தானா சீறினாள். பெண்கள் அவள் முந்தானையைப் பிடித்துத் தள்ளினார்கள்.

"பொண்ணு பேருக்கும் ஒண்ணு வச்சிடு சித்தானா" என்றாள் அவதிய்யா. "தாகத்தோட போயிருக்கா."

மறுநாள் வேப்பமரத்தடியில் மூன்று பானைகள். மூன்றாவது புதுசு, இன்னும் ஈரம் ஏறாத மண். சித்தானா பழைய பானையின் அடிவரைக்கும் செம்பை விட்டு மொண்டாள்.

"அண்ணன் தண்ணி, கண்ணு," என்று சொல்லிப் புதுப் பானையில் ஊற்றினாள்.